ஜமுனா தன் வீட்டின் இல்லாமையை நிலைநாட்டிய படலம்

உப்பும் சேறும் ஒருங்கே மணக்கும் பழவேற்காட்டு ஏரியின் நடுவே, நாற்புறமும் கழி சூழ, பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்று உலகத்தை அலட்சியமாகப் பார்க்கும் பசியாவரம் என்னும் தீவூரில் தோன்றிய பெண்ணரசி. மீன்பிடி வேந்தர் தெய்வசிகாமணியின் ஒரே மகள். ப்ளஸ் டூ என்னும் பெருங்கோட்டையைத் தகர்த்து உள்ளே புகுந்தவள். ஆங்கிலத்தில் கட்டுரைகள் பல எழுதி, எழுதிய வேகத்தில் அவற்றைத் தானே அழித்தவள். வீரத்திருமகள் ஜமுனாவின் புகழை இங்கே பாடத் தொடங்குகிறோம். சிக்னல் என்னும் கண்காணாத் தெய்வமே, படகுத்துறையில் மட்டும் அருள்பாலித்து மற்ற இடங்களில் அடியார்களைச் சுற்றவிட்டு வேடிக்கை பார்க்கும் பெருமாட்டியே, இந்தக் கதை முடியும்வரை எங்களை விட்டு நீங்காதிருப்பாயாக.

முன்னை வீரர்கள் எதற்காகப் போரிட்டார்கள் என்பது உலகறிந்த செய்தி. மண்ணுக்காகப் போரிட்டார்கள், பெண்ணுக்காகப் போரிட்டார்கள், பிறர் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவதற்காகவும் போரிட்டார்கள். முடிந்ததும் தம்மிடம் இத்தனை யானை, இத்தனை குதிரை என்று கல்லில் வெட்டிவைத்துவிட்டுக் கண்மூடினார்கள். நம் நாயகியின் போர் அத்தகையதன்று. தன் வீட்டில் யானையும் இல்லை, குதிரையும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி வேறெதுவும் இல்லை என்பதை ஏழு கடலுக்கு அப்பாலிருந்த ஒரு கல்லூரிக்கு ஐயம் திரிபற நிலைநாட்டுவதற்காக அவள் போரிட்டாள். இதெல்லாம் ஒரு போரா என்று கேட்பவர்கள், அமெரிக்கக் கல்லூரியிடம் உதவித்தொகை கேட்டுப் பார்க்காதவர்கள்.

நடந்தது இதுதான். பனி உறையும் வடதேசத்துக் கல்லூரிகள் பலவற்றுக்கு ஜமுனா விண்ணப்பக் கணைகளைத் தொடுத்தாள். பெரும்பாலான கணைகள் கடலில் விழுந்தன. ஒன்று மட்டும் தைத்தது. காடும் மலையும் சூழ்ந்த ஊரிலிருந்த ஒரு சிறு கல்லூரி, 'நீ நன்றாகப் படிக்கிறாய், உன்னைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறோம். உன் குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று பார்த்து, முடியாததை நாங்கள் தருவோம்' என்று பதில் விடுத்தது. இதன் பொருளை ஜமுனா உடனே உணர்ந்தாள். வீட்டில் எவ்வளவு இல்லையோ, அவ்வளவு கல்லூரி தரும். இல்லாமையில் தன் வீட்டை வெல்ல ஆளில்லை என்று அவள் நிம்மதியாகப் படுத்து உறங்கினாள்.

உறக்கம் கெட்டது ஓர் இணையப் படிவத்தால். உன் தந்தைக்கு வேலை கொடுப்பவர் யார் என்று அது கேட்டது. ஜமுனா யோசித்துப் பார்த்து 'ஏரி' என்று எழுதினாள். அவருடைய மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டது. 'ஏரியைப் பொறுத்தது' என்று எழுதினாள். சம்பளச் சீட்டை இணைக்கச் சொன்னது. ஏரி சீட்டெதுவும் தருவதில்லை என்று எழுதினாள். அனைத்தும் உண்மை, அனைத்தும் அந்தக் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்குப் புதுமை. ஆகவே அவர்கள், 'உன் தந்தையிடமே வீடியோ அழைப்பில் பேசித் தெரிந்துகொள்கிறோம். மகளே மொழிபெயர்ப்பது முறையாகாது என்பதால் தமிழறிந்த ஒருவரை நாங்களே உடன் அமர்த்துகிறோம்' என்று நாளும் நேரமும் குறித்து அனுப்பினார்கள்.

இங்கே பசியாவரத்து வழக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால் அடுத்து நடந்தது விளங்காது. அசலூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தால், அந்தத் தெருவிலுள்ளவர்கள் எல்லோரும் தத்தம் படகுகளைக் கொண்டுவந்து பெண் வீட்டாரின் துறையில் கட்டிவிடுவார்கள். நல்ல வலையாகப் பார்த்து எடுத்துவந்து அந்த வீட்டு வேலியில் உலர்த்துவார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் தாமாகவே வந்து சேரும். யாரும் கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் நன்றி சொல்லும் வழக்கமும் இல்லை. இதைப் பொய் என்று அங்கே எவரும் கருதுவதில்லை, ஒத்தாசை என்பார்கள். வருகிறவர்களும் தங்கள் ஊரில் இதையே செய்துவிட்டு வருகிறவர்கள் என்பதால் எவரும் ஏமாறுவதுமில்லை.

குறித்த நாள் மாலை, கதிரவன் ஏரியில் கால் நனைக்கும் வேளையில், சிக்னல் தேவியின் ஒரே சந்நிதியான படகுத்துறையில் தெய்வசிகாமணி எழுந்தருளினார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, புதிதாக மழித்த கன்னம். ஜமுனா கைபேசியை ஓர் ஐஸ் பெட்டியின் மீது சாய்த்து நிறுத்தினாள். திரையில் செம்பட்டைத் தாடியோடு ஓர் அலுவலர் தோன்றினார்; அவருக்குப் பக்கத்துக் கட்டத்தில், பொட்டு வைத்து, கண்ணாடி அணிந்து, ஷாலினி என்ற தமிழம்மையார் தோன்றி வணக்கம் சொன்னார். அவ்வளவில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

ஷாலினி கேட்ட கேள்விகளில் பிழையொன்றுமில்லை, அவை வந்த வரிசைதான் வினையாயிற்று. பெண்ணோடு பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். வீடு சொந்தமா என்று கேட்டார். தொழில் என்ன என்று கேட்டார். தெய்வசிகாமணியின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வதை ஜமுனா கண்டாள், கண்டும் காரணம் புரியவில்லை. "ஐயா, உங்களுக்கு எத்தனை படகு இருக்கு?" என்று ஷாலினி கேட்டபோது, பசியாவரத்துத் தந்தையரின் தொன்மையான இரத்தம் அவர் நரம்புகளில் முழங்கியது. வீட்டை விட்டுப் பெண்ணை அனுப்பப் போகிறோம், எதிரில் அந்நியர் இருவர் அமர்ந்து, வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு அவர் அறிந்த விடை ஒன்றே ஒன்றுதான்.

"படகு மூணுங்க," என்று அவர் முழங்கினார். "மூணும் ஃபைபர். வலைக்கெல்லாம் ஒரு கொறையும் இல்ல. நாங்க பரம்பரை பரம்பரையா நல்லா வாழ்ந்த குடும்பம். எவங்கிட்டயும் இன்னாத்துக்கும் கை ஏந்த மாட்டோம்."

அந்த முழக்கம் துறையெங்கும் கேட்டது. கேட்டவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டு வேலு, மெய்யன்புக்கும் மிகையன்புக்கும் பெயர்பெற்ற அந்தப் பெருவீரர், தம் நீலநிறப் படகை அக்கணமே தள்ளிக்கொண்டுவந்து கைபேசியின் கண்ணுக்கு நேரே நிறுத்தி, இடுப்பில் கைவைத்து நின்றார். சுரேஷ் தம் படகை அதற்கு இணையாகக் கொணர்ந்தார். யாரோ ஒருவர் புது வலையொன்றை எடுத்துவந்து தெய்வசிகாமணியின் பின்னால் பொன்னாடை போல விரித்துப் பிடித்தார். நான்கு யுகங்களில் ஒருமுறைகூட இவ்வளவு விரைவாகத் திரளாத ஊர்ப்படை, ஜமுனாவின் மீது கொண்ட அன்பினால் ஒன்றுதிரண்டு, ஜமுனாவை நிர்மூலமாக்கியது.

"நைனா," என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"பெரியவங்க பேசறாங்க இல்ல, நீ சும்மா இரு கண்ணு," என்றார் அவர்.

வழக்கமாக ஒரு 'ஹலோ' சொல்வதற்குள் மும்முறை மறையும் சிக்னல் தேவி, அன்று பார்த்து நான்கு கோடும் குறையாமல் நின்று திருவருள் பொழிந்தாள். செம்பட்டைத் தாடியார் ஒவ்வொரு படகையும் கண்குளிரப் பார்த்து, மகிழ்ந்து தலையாட்டி, குறித்துக்கொண்டார்.

மறுநாள் வந்த மின்னஞ்சல் மிகவும் இனிமையாக இருந்தது. குடும்பத்தின் வளத்தை நேரில் கண்டு மகிழ்ந்ததாகவும், அந்த வளத்தைக் கணக்கில் கொண்டு ஆண்டுதோறும் குடும்பத்தின் பங்காக ஒரு தொகையை எதிர்பார்ப்பதாகவும் அதில் இருந்தது. அந்தத் தொகையை ஜமுனா ரூபாயாக மாற்றிப் பார்த்தாள். பசியாவரத்துப் படகுகள் அனைத்தையும், கூடவே துறையையும் விற்றாலும் எட்டாத தொகை அது. தெளிவுபடுத்த ஏதேனும் இருந்தால் இன்னொரு முறை பேசலாம் என்றும், அதன்பின் எடுக்கும் முடிவே இறுதி என்றும் கீழே எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு அவள் எழுந்தாள். அது கைவிட்டால் மேற்படிப்பும் இல்லை, மலையும் காடும் இல்லை. பொன்னேரியில் ஏதாவது ஒரு கடையில் பில் போடும் வேலைதான்.

அன்று மூண்டது தந்தைக்கும் மகளுக்குமான பெரும்போர். இப்புறம் உண்மை என்னும் வாளேந்திய ஜமுனா. அப்புறம் மானம் என்னும் கேடயம் தாங்கிய தெய்வசிகாமணி. இடையில் இறால் கூடையோடு தாய் கஸ்தூரி. 'இருப்பதை இருக்கிறபடி சொன்னால் போதும்' என்று மகள் தூது விடுத்தாள். தந்தையின் மறுமொழி, அடுப்படி அதிர இப்படி வந்தது:

"ஊரே பாக்க மூணுன்னு சொன்ன வாயி இது. திரும்பக் குந்தி வச்சி, இல்லன்னு சொல்லச் சொன்னா எப்டிச் சொல்லும்? எனக்கு அந்தப் பேச்சே வராது, வுட்ரு."

"அவங்க ஒண்ணும் பொண்ணு பாக்க வரல நைனா. காலேஜு."

"எனக்குத் தெரியாதா, காலேஜுன்னு? உன்ன இட்டுக்கினு போறாங்களா இல்லியா? அப்போ ரெண்டும் ஒண்ணுதான்."

இதற்கு மேல் வாதம் செல்லவில்லை. ஜமுனா மௌனம் என்னும் முற்றுகையைத் தொடுத்தாள். அவர் அதைக் கவனிக்காததுபோல் ஏரிக்குப் போய்வந்தார். உண்ணாநோன்பு என்னும் இறுதிக் கணையை எய்தாள். அன்று கஸ்தூரி நண்டுக் குழம்பு கூட்டினாள். கொதி வந்த சற்று நேரத்தில் நோன்பு முறிந்தது. இதை நாயகியின் வீழ்ச்சி என்று கொள்ளற்க. சோறு தின்னாத படை எந்தப் போரையும் வென்றதாகச் செய்தியில்லை. தட்டின் முன் அமர்ந்தவள் எதிரே அமர்ந்திருந்தவரைப் பார்க்காமலே சாப்பிட்டாள், அவரும் சதைப்பற்றான காலாகப் பார்த்து எடுத்து அவள் தட்டில் வைத்தார். அந்த நண்டுக்காலைத் தின்பதா ஒதுக்குவதா என்று அவள் பட்ட பாடு தனியே ஒரு படலமாகும். கடைசியில் தின்றாள்.

வெற்றிக்கான வழி, அடுத்த நாள் கஸ்தூரி இறால் உரித்துக்கொண்டே புலம்பிய புலம்பலில் கிடந்தது. ஏரியில் இடுப்பளவு நீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடித்துவந்த களைப்பில், அவள் யாரையும் நோக்காமல், உலகத்தை நோக்கிச் சொன்னாள்:

"எங்க நைனா மட்டும் இன்னா ஒழுங்கா? உங்க நைனா வூட்லருந்து என்னப் பாக்க வந்தப்போ அஞ்சு படகு காட்னாரு. அப்பால மாப்ள வூட்ல, பொண்ணுக்கு இன்னா போடுவீங்கன்னு ஒரு வார்த்த கேட்டாங்க பாரு. அஞ்சு படகும் அங்கியே காணாப்பூடுச்சி. கையெடுத்துக் கும்பிட்டு, பொண்ணத் தவுர என்கிட்ட இன்னா கீதுன்னு அழுவுறாரு."

ஜமுனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெண் பேசும் சடங்குக்கு அங்கம் இரண்டு. என்ன இருக்கிறது என்று கேட்பது முதல் அங்கம். அப்போது பெண்ணைப் பெற்றவன் அரசன். என்ன கொடுப்பாய் என்று கேட்பது இரண்டாம் அங்கம். அப்போது அதே அரசன் ஆண்டி ஆவான், ஆகியே தீரவேண்டும். அதில் வெட்கமில்லை, அதுவும் முறைதான். செம்பட்டைத் தாடியார் செய்த பிழை, முதல் அங்கத்தோடு மங்களம் பாடி எழுந்துபோனது.

அன்றே அவள் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் விடுத்தாள். மறுபடி பேசும்போது தயவுசெய்து என் அப்பாவிடம் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், எவ்வளவு கொடுக்க முடியும் என்று மட்டும் கேளுங்கள் என்பது அதன் சாரம். ஏன் என்று அவள் எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்னும் ஒரு கட்டுரை தேவைப்பட்டிருக்கும்.

இரண்டாம் போர்நாள் வந்தது. அமெரிக்காக்காரர்கள் திரும்பவும் பேசுகிறார்களாம் என்ற செய்தி ஊரில் பரவியிருந்ததால், இம்முறை ஒத்தாசை கடல்போல் பொங்கியது. வேலுவின் படகு புதுச் சாயம் பூண்டு நின்றது. சுரேஷின் படகுக்கு மாலை போட்டிருந்தார்கள். சுண்ணாம்புக்குளத்து உறவினர் ஒருவர் தம் படகில் வந்து, கேட்காமலே அணிவகுப்பின் கடைக்கோடியில் சேர்ந்துகொண்டார். துறையில் தண்ணீரே தெரியாதபடி படகுகள் நெருங்கி நின்றன. ஒன்றும் செய்வதற்கில்லை, ஜமுனா கைபேசியை ஐஸ் பெட்டியின் மேல் சாய்த்தாள்.

வணக்கம் முடிந்ததும் ஷாலினி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மெல்லக் கேட்டார்: "ஐயா, இருக்கறத எல்லாம் போன தடவையே சொல்லிட்டீங்க. பொண்ணுக்காக உங்களால என்ன குடுக்க முடியும்னு மட்டும் சொல்லுங்க."

தெய்வசிகாமணி நாற்காலியிலிருந்து எழுந்தார். இரு கையையும் கூப்பினார்.

"அம்மா, நான் இன்னா குடுப்பேன்," என்று தொடங்கினார். தொடக்கத்தில் அந்தக் குரலில் சடங்கின் இராகம் இருந்தது; கல்யாண வீடுகளில் ஜமுனா பலமுறை கேட்ட அதே இழுவை, அதே ஏற்றஇறக்கம். "இந்தப் படகு எனுது இல்லீங்க. வேலுவுது. அது சுரேஷுது. எனக்குன்னு இருக்கறது ஒரு பழைய படகு, அதுலயும் பாதி என் தம்பிக்குச் சேரும். வலை கீது. தச்சித் தச்சி இப்போ வலைய வுட தையல்தான் ஜாஸ்தி."

வேலு இடுப்பிலிருந்து கையை எடுத்தார். கோலை ஊன்றி, தம் படகை ஓசையில்லாமல் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். சுரேஷின் படகு அதன் பின்னால் நகர்ந்தது. திரையில் ஒவ்வொன்றாகப் படகுகள் விலக, பின்னால் வெறும் ஏரி தெரிந்தது.

தெய்வசிகாமணி அதைப் பார்க்கவில்லை. எங்கேயோ நடுவில் இராகம் நின்றுபோயிருந்தது. "முகத்துவாரம் மண்ணு அடைச்சிக்கினா இறா உள்ள வராது. அப்போ எத்தினி நாளு ஆவும்னு சொல்ல முடியாது, வூட்ல சும்மா குந்திக்கினு இருப்போம். இவ அம்மா தண்ணில குந்தி கையாலத் தடவறா, வெரலெல்லாம் புண்ணு. ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போறேன் போறேன்னு சொல்லிக்கினே கீறேன். பொண்ணு படிக்கப் பொன்னேரிக்கி பஸ்ல போய் வந்துச்சி, அதுக்குக் கூட அவ அம்மாதான் குடுத்தா. நான் ஒரு நாளும் ஒண்ணும் பெருசா செஞ்சது இல்லீங்க. அது நல்லாப் படிக்கிது. அத இட்டுக்கினு வந்து உங்க முன்னாடி நிறுத்தத்தான் என்னால முடியும்."

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான் இது. ஒவ்வொரு வீட்டிலும் இதே கதைதான். ஆனாலும் தெரிந்திருப்பது வேறு, ஒருவன் வாயால் சொல்லக் கேட்பது வேறு. ஷாலினி ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னார். அவர் குரல் போகப்போகத் தாழ்ந்தது. செம்பட்டைத் தாடியார் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நம் நாயகியின் நிலையைக் கேளீர். எந்தச் சொற்களைப் பெறுவதற்காக அவள் முற்றுகையிட்டாளோ, நோன்பிருந்தாளோ, சூழ்ச்சி செய்தாளோ, அந்தச் சொற்கள் அனைத்தும் அவள் கேட்டதற்கு மேலாகவே வந்து குவிந்தன. போதும் நைனா, சொல்லாதே என்று அவர் வாயைப் பொத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அழைப்பு முடிந்து திரை இருண்டபோது அவள் அழுதாள், மறைக்கவில்லை. அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே, "இன்னாத்துக்கு அழுவுற, சரியாத்தானே சொன்னேன்," என்று கேட்டார். படகைக் கட்டிவிட்டு வந்த வேலு, "அண்ணாத்த, வா, டீ சாப்டலாம்," என்று அவரை அழைத்துக்கொண்டு போனார்.

பின்னர் ஒருநாள் வந்தது அந்த வெற்றித் திருமுகம். கல்விக் கட்டணம் முழுதும் கல்லூரியே ஏற்கும். உண்ண உணவும் உறங்க அறையும் அதுவே அளிக்கும். நூலுக்கும் மருத்துவத்துக்கும் குளிருக்கு இடும் அங்கிக்கும் வானூர்திச் செலவுக்கும்கூட அதுவே பொறுப்பு. குடும்பத்தின் பங்கு சுழியம் என்று பொன்னெழுத்தில் பொறித்தாற்போல் திரையில் மின்னியது. ஜமுனா அதைத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்ல, கஸ்தூரி புண்பட்ட விரல்களால் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்; வேலு துறையில் வெடி வைத்தார்; பூநாரைகள் கூட்டமாக எழுந்து வானத்தை ஒருமுறை இளஞ்சிவப்பாக்கி அமர்ந்தன. தெய்வசிகாமணியோ, பகைவரைப் புறங்கண்ட பேரரசன்போல் மார்பு நிமிர்த்தி, ஊர் நடுவே நின்று, "ஒரு தபா சொன்னேன், என் பொண்ணுக்காகச் சொன்னேன், முடிஞ்சி போச்சி, இனிமே இந்த வாயி எவங்கிட்டயும் இல்லன்னு சொல்லாது," என்று எட்டுத்திக்கும் கேட்கப் பிரகடனம் செய்ய, ஊரார் ஆர்ப்பரிக்க, ஏரி அலைகொட்ட, இல்லாமையை வென்று இல்லாமையால் வென்ற வீரத்திருமகள் ஜமுனா அந்தத் திருமுகத்தை மேலும் கீழே தள்ளிப் படித்தாள்.

இந்த விவரங்களை எல்லாம் அப்பா ஒவ்வொரு வருஷமும் மறுபடி சொல்ல வேண்டும் என்று கடைசி வரியில் போட்டிருந்தது.